கிரைண்டர் மோட்டாரை மாற்றப் பணம் தேடியபோது: கடன், வவுச்சர், மானியம், டீலர் அட்வான்ஸ்

கோவை கணபதியில் எனக்கு ஒரு கிரைண்டர் பட்டறை. டேபிள் டாப், டில்டிங் இரண்டும் செய்கிறோம், கொஞ்சம் ஜாப் ஆர்டரும் உண்டு. 2022 கடைசியில், வழக்கமான இண்டக்‌ஷன் மோட்டாரை எடுத்துவிட்டு பி.எல்.டி.சி. மோட்டார் (பிரஷ் இல்லாமல், உள்ளே நிரந்தரக் காந்தம் வைத்து மின்னணு போர்டு ஓட்டுவது) போட்ட டில்டிங் கிரைண்டர் ஒன்றை உருவாக்க இறங்கினோம். மோட்டார் சுற்றுவது எங்களுக்குப் புதிதல்ல. அதை ஓட்டுகிற கண்ட்ரோலர் போர்டுதான் புதிது. அதற்குப் பணம் தேடி வங்கி, மாநில அரசுத் திட்டம், மத்திய அரசுத் திட்டம், டீலர் என்று பல வாசல் ஏறி இறங்கியாயிற்று. பிரியாணிக் கடைக்கும் செல்போனுக்கும் ஆளாளுக்கு ரிவ்யூ எழுதுகிறார்கள். புதுப் பொருள் செய்யக் கிடைக்கும் பணத்துக்கு, வாங்கிப் பார்த்தவர் எழுதிய ரிவ்யூ எதுவும் என் கண்ணில் படவில்லை. அதனால் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான். புதுப் பொருளுக்கு ஆகும் செலவு ஒரே செலவல்ல, மூன்று. ஒன்று, எரிந்து போகும் செலவு. உரல் நிறைய உளுந்தும் தண்ணீரும் இருக்கும்போது கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மோட்டார் அந்தச் சுமையோடு மறுபடி கிளம்ப வேண்டும். அந்த ஒரு நொடியில் கரண்ட் ஏறி, போர்டில் உள்ள மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் டப்பென்று போய்விடும். அப்படிப் போன போர்டுகளை ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் காசு எந்தக் காலத்திலும் திரும்பாது. இரண்டாவது, நிரூபிக்கும் செலவு: லேபில் சோதனை, சூடு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்ற ரிப்போர்ட், சான்றிதழ். மூன்றாவது, டை, மோல்டு போன்ற அச்சுகளும் முதல் லாட்டுக்கான சரக்கும். பெருந்தொகை அதுதான், ஆனால் பொருள் விற்றால் திரும்பி வரும். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பணம் வேண்டும். ஒன்றுக்கான பணத்தை இன்னொன்றில் போட்டால் தூக்கம் போய்விடும்.

வங்கிக் கடனில் இருந்து தொடங்குகிறேன், எல்லோரும் அங்கேதான் முதலில் போகிறோம். சொத்து அடமானம் இல்லாமல் சிறுதொழிலுக்குக் கடன் கொடுக்க சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் வரம்பு 2 கோடியிலிருந்து 5 கோடியானது, 2025 ஏப்ரலில் 10 கோடியானது. காகிதத்தில் நல்ல திட்டம். ஆனால் நம்மில் பாதிப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். அந்த உத்தரவாதம் வங்கிக்கு, நமக்கு அல்ல. கடன் வாராக்கடன் ஆனால் வங்கிக்கு ஒரு பங்கு கிடைக்கும். நாம் கட்ட வேண்டியது அப்படியே நிற்கும். உத்தரவாதக் கட்டணமும் பெரும்பாலும் நம் தலையில்தான் வந்து விழும்.

நான் போன கிளையின் பெயர் வேண்டாம். மேலாளர் தன்மையானவர், காபி வாங்கிக் கொடுத்தார். "பிராடக்ட் மார்க்கெட்ல இருக்குங்களா?" என்று கேட்டார். இன்னும் செய்யவே இல்லை, செய்யத்தான் கடன் என்றேன். மூன்று வருட விற்பனைக் கணிப்பு கேட்டார். பொருளே இல்லாமல் விற்பனைக் கணிப்பு! ஆடிட்டர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார், அதை மூன்று பேருமே நம்பவில்லை. அப்புறம், "கேரண்டி ஸ்கீம்ல போட்டுடலாங்க, எதுக்கும் வீட்டுப் பத்திரம் ஒரு காப்பி கொடுத்துடுங்க" என்றார். நான் கொடுக்கவில்லை. தவணை மாதாமாதம் ஓடும், போர்டு எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடக் கட்டணம் கட்டச் சொன்னதுபோல இருந்தது. ஆராய்ச்சிக்கு வங்கிக் கடன் வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்ப்பு. டை, மெஷின், சரக்கு என்ற மூன்றாவது கட்டத்துக்கு வாங்குங்கள், அதற்கென்றே இருப்பது அது.

அந்த மூன்றாவது கட்டத்தில் புதிதாகத் தொழில் தொடங்குபவராக இருந்தால் வெறும் கடனாக வாங்காமல் தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டத்தில் வாங்கலாம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போக வேண்டும். திட்டச் செலவு 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை இருக்கலாம். 25 சதவீத மூலதன மானியம், உச்சவரம்பு 75 லட்சம், அதோடு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. பரம்பரைப் பட்டறைக்காரனான எனக்கு அது இல்லை. நியாயம்தான்.

அடுத்து, எல்லோரும் கண்ணை விரித்துக் கேட்கும் ஸ்டார்ட்அப் மானியங்கள். இங்கே என் அக்கா மகள் வருகிறாள். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஒரு கம்பெனியில் மோட்டார் கண்ட்ரோலர் வேலை பார்த்தவள். போர்டு வடிவமைப்பு முழுக்க அவளுடையது. அந்த போர்டை எனக்கு மட்டுமல்லாமல் மாவு மில்லுக்கும் மிக்சிக்காரர்களுக்கும் விற்கலாம் என்று அவளே தன் பெயரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்கினாள். இதை விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. டி.பி.ஐ.ஐ.டி. என்ற மத்திய அரசுத் துறையின் அங்கீகாரம் இல்லாமல் ஸ்டார்ட்அப் இந்தியா சலுகை எதையும் தொட முடியாது. என் பட்டறைபோல ஒரு ஆள் பெயரில் நடக்கும் புரோப்ரைட்டர்ஷிப்புக்கு அந்த அங்கீகாரம் கிடையாது. ஏற்கெனவே இருக்கும் தொழிலை உடைத்தோ மாற்றி அமைத்தோ உருவாக்கிய கம்பெனிக்கும் கிடையாது. "பையன் பேர்ல ஒரு புதுக் கம்பெனி போட்டுருங்க, மானியம் வாங்கித் தர்றேன்" என்று சொல்லும் கன்சல்டண்டுகள் கோவையில் நிறைய உண்டு. அதே ஷெட், அதே பொருள், அதே வாடிக்கையாளர் என்றால் அந்த விதியில்தான் போய் முட்டும். அவளுடையது நிஜமாகவே வேறு தொழில் என்பதால் சிக்கல் வரவில்லை.

அவள் முதலில் போட்டது ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட். 2021 ஜனவரியில் அறிவித்து அந்த வருடம் ஏப்ரலில் 945 கோடி ஒதுக்கீட்டோடு தொடங்கிய திட்டம். இதை வடிவமைத்தவருக்குப் பட்டறை தெரிந்திருக்கிறது என்று எனக்கு ஒரு மரியாதை உண்டு. ஏனென்றால் நான் மேலே சொன்ன பிரிவினை இதில் இருக்கிறது. மாதிரி செய்யவும் சோதித்துப் பார்க்கவும் 20 லட்சம் வரை மானியம், திருப்பிக் கொடுக்க வேண்டாம். சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை கடனாகவோ, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் பத்திரமாகவோ கிடைக்கும். கடனுக்கு வட்டி ரெப்போ விகிதத்துக்கு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) மேல் போகக் கூடாது, 60 மாதத்துக்குள் அடைக்க வேண்டும், ஒரு வருடம் வரை தவணை விடுமுறை. அடமானமும் கிடையாது, சொந்த ஜாமீனும் கிடையாது. அரசு நேரடியாகக் கொடுப்பதில்லை. தேர்வு செய்யப்பட்ட இன்குபேட்டர்கள் (புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் மையங்கள்) வழியாக வருகிறது, விருப்ப வரிசையில் மூன்று இன்குபேட்டர்களுக்கு விண்ணப்பிக்கலாம்.

குறைகளும் இருக்கின்றன. விண்ணப்பிக்கும்போது கம்பெனி பதிவாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. மென்பொருள் கம்பெனிக்கு இரண்டு வருடம் பெரிய காலம். மோட்டார், போர்டு, பம்ப் என்று இரும்பும் செம்புமாகப் புழங்குபவர்களுக்கு முதல் மாதிரி ஒழுங்காக ஓடவே அவ்வளவு ஆகிவிடும். எங்கள் பக்கத்து ஷெட்டில் பம்புக்குக் கண்ட்ரோலர் செய்த பையன் அதில்தான் தவறவிட்டான். யோசனை பிடிபட்டதும் உற்சாகத்தில் முதல் வேலையாகக் கம்பெனியைப் பதிவு செய்துவிட்டான், விண்ணப்பிக்கத் தயாரானபோது வயது தாண்டிவிட்டது. மாதிரி கொஞ்சமாவது உருவம் பெற்ற பிறகு பதிவு செய்வது நல்லது. இன்னொன்று, இந்தப் பணத்தில் கட்டடம், வசதி எதுவும் உருவாக்கக் கூடாது.

பணம் மொத்தமாக வராது, மைல்கல் வைத்துத் தவணை தவணையாக வரும். அவளுடைய இரண்டாவது மைல்கல் "சுமையோடு 200 மணி நேரம் ஓட வேண்டும்" என்பது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் தொடர்ந்து ஓடுவதில் போர்டுக்குப் பிரச்சினையே இல்லை, நின்று கிளம்புவதில்தான் பிரச்சினை. "மாமா, இந்த டெஸ்ட்டை நாளைக்கே பாஸ் பண்ணிடலாம், ஆனா பிராடக்ட் ஃபெயில் மாமா" என்றாள். மைல்கல்லை மாற்றச் சொல்லி எழுதினோம். அந்த இன்குபேட்டரில் எங்கள் கோப்பைப் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட, புதிதாக வந்தவருக்கு மாஸ்ஃபெட் என்றால் என்ன என்பதிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. தவணை இழுத்தது, அதுவரை அவள் சம்பளம் எடுக்கவில்லை. விண்ணப்பம் எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மைல்கல்லை "இத்தனை மணி நேரம் ஓடும்" என்று எழுதாதீர்கள். "இன்ன சோதனை செய்து ரிப்போர்ட் தருவோம்" என்று எழுதுங்கள். ரிப்போர்ட் தோல்வியைச் சொன்னாலும் ரிப்போர்ட்தான்.

இதற்கிடையில் டான்சீட். தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டி.என். நடத்துவது. 10 லட்சம் ரூபாய், பெண்கள் நடத்தும் கம்பெனிக்கும் பசுமைத் தொழில்நுட்பத்துக்கும் கிராமப்புறத் தாக்கம் உள்ளவற்றுக்கும் 15 லட்சம். பெயர் மானியம்தான், ஆனால் பதிலுக்குக் கம்பெனியில் 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். பங்கு என்றதும் எங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு முகம் சுருங்கியது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 சதவீதத்துக்கு 10 லட்சம் என்றால் கம்பெனியின் மதிப்பு ஏறக்குறைய 3.33 கோடி. இன்னும் ஒரு போர்டுகூட விற்காத கம்பெனிக்கு அந்த விலையை வேறு யார் தருவார்கள்? அரசு பங்குதாரராக இருப்பது அடுத்து முதலீடு கேட்கப் போகும்போதும் ஒரு மரியாதை.

பிறகு ஏன் போடவில்லை? வரிசைதான் காரணம். சீட் ஃபண்ட் விதிப்படி, மத்திய மாநில அரசுத் திட்டங்களில் ஏற்கெனவே 10 லட்சத்துக்கு மேல் பண உதவி வாங்கியிருந்தால் விண்ணப்பிக்க முடியாது. போட்டியில் வென்ற பரிசுத் தொகை, லேப் வசதி, நிறுவனருக்கான மாதப் படி எல்லாம் அந்தக் கணக்கில் சேராது. டான்சீட்டில் அவளுக்கு 15 லட்சம் கிடைக்கும் தகுதி இருந்தது. அதை முதலில் வாங்கியிருந்தால் 20 லட்சக் கதவு மூடியிருக்கும் என்றுதான் நாங்கள் விதியைப் படித்தோம். விண்ணப்பம் எழுதுவதற்கு முன் இரண்டு திட்டங்களின் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிடுங்கள். இந்த வரிசையை எந்த விளம்பரப் போஸ்டரும் சொல்வதில்லை.

கம்பெனியே இல்லாமல் தனி ஆளாக யோசனையோடு மட்டும் நிற்பவருக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி-பிரயாஸ் என்ற திட்டம் இருக்கிறது, மாதிரி செய்ய 10 லட்சம் வரை. நாங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டோம். கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதுதான். உயிரித் தொழில்நுட்பம், மருத்துவக் கருவி என்றால் பைராக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் பிக் மானியம், 50 லட்சம் வரை. கிரைண்டருக்கு அங்கே வேலையில்லை.

சரி, என் பட்டறைக்கு என்ன கிடைத்தது? இன்னோவேஷன் வவுச்சர். சென்னையில் இருக்கும் தொழில் முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், நாம் இ.டி.ஐ.ஐ. என்று சொல்வது, நடத்துகிற திட்டம். வவுச்சர் ஏ 2 லட்சம் வரை, வவுச்சர் பி 5 லட்சம் வரை. சின்னத் தொகை என்று முதலில் ஒதுக்கி வைத்திருந்தேன். அக்கா மகள்தான், "இது உங்களுக்கு மாமா, ஸ்டார்ட்அப்பா இருக்கணும்னு இல்ல" என்றாள். கல்லூரி, ஆய்வகம் போன்ற ஒரு அறிவுத்துணையோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இதன் மையம். மோட்டாரின் சூட்டை டேப் போட்ட தெர்மாமீட்டரில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரு பொறியியல் கல்லூரி லேபில் டைனமோமீட்டரில் ஏற்றி, முறுக்குவிசையும் வேகமும் சூடும் ஒரே வரைபடத்தில் வந்து விழுந்தபோதுதான் எங்கே தப்பு நடக்கிறது என்று பிடிபட்டது. நிரூபிக்கும் செலவுக்கு இதைவிடப் பொருத்தமான பணத்தை நான் பார்க்கவில்லை. இருபது முப்பது வருடமாக ஓடும் பட்டறைகளுக்கு, கைப்பழக்கத்தில் எல்லாம் தெரிந்தவர்களுக்கு, இந்தத் திட்டத்தில் பணத்தைவிட அந்த லேப் தொடர்புதான் பெரிது. நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்பேன்.

காப்புரிமை விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப், தனிநபருக்கு ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான், பெரிய கம்பெனிக்கு 8,000. பரிசோதனைக் கட்டணம் 4,000, பெரியவர்களுக்கு 20,000. வக்கீல் செலவுதான் செலவு. மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. இன்னோவேட்டிவ் திட்டத்தில் உள்நாட்டுக் காப்புரிமைக்கு 1 லட்சம் வரை, வெளிநாட்டுக்கு 5 லட்சம் வரை திரும்பக் கிடைக்கும். ஆனால் காப்புரிமை கைக்கு வந்த பிறகு. அதற்குள் மோட்டார் மாடலே மாறிவிடலாம். இதை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள், வந்தால் வரவு. அதே திட்டத்தில் இன்குபேஷன் பிரிவில் ஒரு யோசனைக்கு 15 லட்சம் வரையும், பொருளின் வடிவமைப்புக்கு 40 லட்சம் வரையும் இருக்கிறது. பிந்தையது தோற்றம், கைப்பிடி, கவிழ்க்கும் அமைப்பு என்று மெனக்கெடுபவர்களுக்கு ஆகும். அடுத்த மாடலுக்கு நான் போட நினைத்திருப்பது அதைத்தான்.

பெரிய பெரிய பெயர்களைப் பற்றி இரண்டு வரி போதும். 1996இல் அமைந்த தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியம் திட்டச் செலவில் பாதி வரை 5 சதவீத சாதா வட்டியில் கடன் தருகிறது. 2025இல் மத்திய அரசு 1 லட்சம் கோடிக்கு ஆர்.டி.ஐ. (ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம்) நிதி என்று அறிவித்தது. ஆய்வகத்தைத் தாண்டி ஓரளவு முதிர்ந்த தொழில்நுட்பத்துக்கு நீண்ட காலக் கடன் அது, இடையில் உள்ள நிதி மேலாளர்கள் வழியாக வரும். கணபதி ஷெட்டுக்கு வந்து சேராது. வருமான வரிச் சலுகையும் அப்படித்தான். சொந்த ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஒரு காலத்தில் செலவில் 200 சதவீதம் கழிக்க விட்டார்கள், 2017 ஏப்ரலில் 150 ஆகி, 2020 ஏப்ரலில் 100க்கு வந்துவிட்டது. அதுவும் அங்கீகாரம் பெற்ற ஆராய்ச்சிப் பிரிவு உள்ள கம்பெனிகளுக்கு.

கடைசியில் டைக்கும் முதல் லாட்டுக்கும் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பாதி வங்கி, பாதி டீலர். மாதிரி கிரைண்டரை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு மதுரை, பாலக்காடு என்று போய், டீலர் கடையிலேயே மாவு ஆட்டிக் காட்டி, நடுவில் மெயினை அணைத்துப் போட்டுக் காண்பித்தேன். நிறைந்த உரல் சத்தமில்லாமல் கிளம்பியதும் ஒருவர் அங்கேயே செக் எழுதினார். வட்டியில்லாத பணம். ஆனால் சும்மா வரவில்லை. அவர் மாவட்டத்தில் இரண்டு வருடம் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார், விலையிலும் கழிவு. பார்க்கப் போனால் டான்சீட்டின் 3 சதவீதத்தைவிட இதுதான் விலை அதிகம். இருந்தாலும் எனக்குப் பிடித்த பணம் இது. பொருளை வாங்கப் போகிறவனே முன்பணம் தருகிறான் என்ற செய்தியோடு அதே வங்கிக் கிளைக்குப் போனபோது, வீட்டுப் பத்திரத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை.

நகைக்கடனும் உண்டு, மறைப்பதற்கில்லை. அரை மணி நேரத்தில் கிடைக்கும், யாரும் மைல்கல் கேட்க மாட்டார்கள். தவணைக்கும் தவணைக்கும் இடையில் விழும் பள்ளத்தை நிரப்ப மட்டும் சரி. எரிந்து போகும் செலவுக்கு வளையலை வைக்காதீர்கள். அதை மீட்கும் வருமானம் எந்தத் தேதியில் வரும் என்று உங்களால் சொல்ல முடியாது.

எந்தத் திட்டமும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றால் செய்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எங்கள் மோட்டாருக்கு அந்தக் காந்தம் தரும் சப்ளையர் விலையும் சொல்லவில்லை, தேதியும் சொல்லவில்லை. அரிய மண் தேவைப்படாத ஃபெரைட் காந்தத்துக்கு மாறினால் மோட்டார் பெரிதாகும். மோட்டார் பெரிதானால் அடிப்பாகத்தின் டை மாறும், போர்டின் நிரலும் மாறும். மானியத்தில் ஒவ்வொரு தலைப்புக்கும் தொகை எழுதிக் கையெழுத்தாகிவிட்டதால், காந்தத்துக்கு ஒதுக்கியதை டைக்குத் திருப்பத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். டீலர் அட்வான்ஸில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு போன் போட்டுச் சொன்னேன், "தீபாவளிக்கு வந்துருமா?" என்று மட்டும் கேட்டார். விண்ணப்பம் போடும்போதே மாற்றுப் பாகத்துக்கு ஒரு தலைப்பு வைத்துவிடுங்கள்.

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் அந்தந்தப் போர்ட்டலில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று பாருங்கள். பழைய யூடியூப் வீடியோவை நம்பி ஆவணம் சேர்க்காதீர்கள். உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ், ஜி.எஸ்.டி., ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கு, செலவுக்கான கொட்டேஷன் எல்லாம் தயாராக இருக்கட்டும். கொட்டேஷன் இல்லாத செலவுத் தலைப்பில்தான் எங்களைக் குடைந்தார்கள். வந்த மானியத்தில் பத்து சதவீதம் கமிஷன் கேட்கும் ஆட்களுக்குக் கொடுக்கத் தேவையில்லை. சீட் ஃபண்டில் விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ இன்குபேட்டர்கள் ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.